கொளுத்திக் காட்டிய கல்லூரி

அன்புள்ள அப்பாவுக்கு,

சோபியாவின் ஸ்தோத்திரம். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

கம்பெனியில் லீவு போட்டு, ஐதராபாத்தில் ஃபயர் சயின்ஸ் படிப்புள்ள இரண்டு கல்லூரிகளையும் பார்த்துவிட்டேன் அப்பா! நீங்கள் சொன்ன பெரிய கல்லூரியில் ஏசி அறையில் உட்காரவைத்து, தீயைத் திரையில் காட்டினார்கள். சின்னக் கல்லூரியில் நிஜமாகவே கொளுத்தினார்கள்! ஒரு துணித்துண்டை எரித்து, "இது என்ன துணி?" என்று பேராசிரியர் கேட்டார். நம் தறி வீட்டில் அசல் பட்டா என்று நூலைக் கொளுத்திப் பார்ப்போமே, அந்தப் பழக்கத்தில் சாம்பலை நசுக்கி மோந்து, "பட்டு சார்! முடி கருகின வாசன வருது!" என்று கத்திவிட்டேன்.

"பட்டுதான். ஆனால் விஷப்புகையாக இருந்திருந்தால்?" என்று எல்லார் முன்னும் திட்டினார். விரலில் லேசாகச் சுட்டது, அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

திட்டு வாங்கிய இடம்தான் எனக்குப் பிடித்தது. "ஜல்தியா முடிவு பண்ணாதம்மா" என்பீர்கள். அதனால்தான் அங்கே சேர்ந்துவிட்டு எழுதுகிறேன்.

பஸ் வருகிறது. செய்முறை வகுப்புக்குத் தறியில் கழிவாகும் பட்டுநூல் அனுப்புங்கள். கொஞ்சம் கூடுதலாகவே அனுப்புங்கள் அப்பா, எல்லாவற்றையும் கொளுத்திவிட மாட்டேன்.

உங்கள் சோபியா