தொப்பி இல்லாத புகைப்படம்

காஞ்சிபுரம்
6.2.1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

இல்லை, ஊசி போடுவது நான் இல்லை. ஊரிலிருந்து வார்டுக்கு வந்தவர் ஒருவர் என்னை நர்ஸ் என்கிறார். யார் அவரிடம் அப்படிச் சொன்னது? நான் ஆயா. ஆறு வருடமாக ஆயா. முதலில் பிரசவ ஆஸ்பத்திரி. பிறகு காசநோய் வார்டு. இருமல், எச்சில் குவளைகள். இப்போது ஆண்கள் அறுவை வார்டு. இடுப்பு உடைந்தவரை வலிக்காமல் புரட்டிப் படுக்கவைக்க சிஸ்டர்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை இது.

அண்ணிக்கு முதுகுவலி குறைந்ததா? போன மாதம் நீ ஒரு கார்டுகூடப் போடவில்லை.

உன் தங்கை,
ஏலவார்குழலி

பென்னலூர்
11.2.1976

அன்புத் தங்கை குழலிக்கு,

சொன்னது நான்தான். சுங்குவார்சத்திரத்து வரன். பெயர் பாண்டுரங்கன், மின்சார வாரியத்தில் லைன்மேன், குடிப்பழக்கம் இல்லை. உன்னை நர்ஸ் என்று சொல்லிவிட்டேன். போன வருடம் வந்த இரண்டு வீட்டாரும் பெட்பேனில் மலம் எடுக்கிற வேலை என்றதும் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்களே, மறந்துவிட்டாயா? உனக்கு இருபத்தெட்டு ஆகிறது.

பையனின் அம்மா பாப்பம்மாளுக்கு மூச்சிழுப்பு. "நர்ஸம்மாவே மருமவளா வருது. இனிமே ஊசிக்கு பஸ் புடிக்க வாணாம்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போட்டோ கேட்கிறார்கள். தொப்பியோடு. உன் சிநேகிதி லீலா நர்ஸ்தானே, ஒரு மணி நேரம் இரவல் கேள். கல்யாணத்துக்குப் பிறகு நானே பேசிச் சரிசெய்கிறேன். என் வாக்கைக் காப்பாற்று.

உன் அண்ணன்,
கோதண்டராமன்

காஞ்சிபுரம்
20.2.1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

லீலா தொப்பியைக் கொடுத்தாள். "போட்டுக்கடி, எடுப்பா கீது" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். எடுப்பாகத்தான் இருந்தது.

அன்று மதியம் ஒன்பதாம் கட்டிலுக்கு ஒரு பெரியவர் வந்தார். இழுப்புக்காக ஊரில் யாரோ போட்ட ஊசி. தொடையில் சீழ் பிடித்து உள்ளங்கை அளவு பள்ளம். சிஸ்டர் கட்டுப் போட்டு முடிக்கும்வரை காலைத் தூக்கிப் பிடித்திருந்தேன். யார் போட்டது என்று கேட்டேன்.

"எங்க தெருப் பொண்ணுதாம்மா. நல்ல பொண்ணு. மாட்டேன்னு சொல்லத் தெரியாது."

பாப்பம்மாளுக்கும் ஒருநாள் மூச்சு முட்டும், அண்ணா. வீடே என் கையைப் பார்க்கும். அவரை நிமிர்த்தி உட்காரவைப்பேன். உதடு நீலமாவதற்கு முன்பே வண்டிக்கு ஆள் அனுப்புவேன். ஊசி போட மாட்டேன்.

எனக்காகத்தான் பொய் சொன்னாய். கோபமில்லை. நீ அவர்கள் முன்னால் தலைகுனிய வேண்டிவரும். வருத்தம் அது ஒன்றுதான்.

தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஸ்டூடியோவில் ஆயா புடவையோடு நின்றேன். போட்டோ நேற்று வந்தது. உனக்கு ஒன்று இதனுடன். இன்னொன்றின் பின்னால் 'ஏலவார்குழலி, ஆயா, ஆண்கள் அறுவை வார்டு' என்று எழுதி, சுங்குவார்சத்திரம் மின்வாரிய ஆபீசுக்கு, பாண்டுரங்கன் பெயருக்கு, இன்று காலை தபாலில் போட்டேன். பிறகு வார்டுக்குப் போய் ஒன்பதாம் கட்டிலின் விரிப்பை மாற்றினேன்.

குழலி