எங்கள் வீட்டில் சாப்பிட்டதை அவர் ஒப்புக்கொண்டார்

ஒரே வயிற்றில் என்னோடு இடத்துக்குச் சண்டை பிடித்த என் ஜூட்டுக்கு,

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். நீ இருந்திருந்தால், "இது நல்ல செய்தியோ, ஸ்டெல்லா?" என்று முகத்தைச் சுளித்திருப்பாய். சுளித்துக்கொள். ஜில் விழுந்துவிட்டார். விழுத்தினது நான்.

இந்தக் கடிதத்தை எங்கள் ஆட்களின் பத்திரிகையில் போடச் சொல்லிக் கொடுக்கப்போகிறேன். உன்னைப் பொய்யன் என்று சொன்னது நாலு பேர் கேட்கத்தான். இதையும் நாலு பேர் கேட்கட்டும். உனக்குத் தெரிந்த கதையை இடைக்கிடை திரும்பச் சொல்லுவேன். அது வாசிக்கிறவர்களுக்காக. நீ பொறுத்துக்கொள்.

நீதான் எங்கள் வீட்டிலிருந்து முதலில் வெளிக்கிட்டவன். பதினாறு வயது. கொழும்பில் ஏஜென்ட் உன் பிறப்புச் சான்றிதழை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, "பதினெட்டெண்டு சொல்லு. சின்னப் பெடியனெண்டால் பிடிச்சு விடுதியிலை போட்டிடுவாங்கள்" என்றானாம். விமான நிலையத்தில் நீயும் அப்படியே சொன்னாய். அந்த இரண்டு வயது உன் கனடாக் கடதாசி எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. பிறகு அம்மாவும் நானும் சரியான வயதோடு வந்து சேர்ந்தோம். இரட்டைப் பிள்ளைகளான நாங்கள் அரசாங்கத்தின் கணக்கில் அண்ணனும் தங்கையும் ஆனோம். திருத்தலாமா என்று லோயரிடம் கேட்டாய். "இப்ப அதிலை கை வைச்சால் முழுக் கேசும் ஆட்டம் காணும்" என்றார். மன்னாரிலிருந்து புதிதாக ஒரு சான்றிதழ் எடுப்பிக்கவும் அந்தச் சண்டைக் காலத்தில் வழி இருக்கவில்லை.

அதெல்லாம் உன்னை வருத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. வில்லரே என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குள்ளிருந்து டிரம் சத்தம் கேட்டு நீ உள்ளே போன நாளிலிருந்து உனக்கு வேறு நினைப்பே இல்லை. டிரம்மும் பித்தளை ஊதிகளும் கொடிகளுமாக நூறு பேர் மைதானத்தில் நடந்தபடியே வாசிக்கும் போட்டி அணி அது. மன்னாரில் பள்ளிக்கூட பாண்டில் சைட் டிரம் அடித்தவன் நீ. அணியின் தலைவர் ஜில் உன் கையில் குச்சியைத் தந்தார். அடுத்த கோடைக்குள் டிரம் வரிசையின் முதல் ஆள் ஆகிவிட்டாய். பிரெஞ்சு இன்னும் வாயில் ஒழுங்காக வராத காலம். ஆனால் நீ குச்சியைத் தூக்கினால் அத்தனை வெள்ளைக்காரப் பெடியளும் உன் கையைத்தான் பார்த்தார்கள்.

விதி உனக்குத் தெரியும். இருபத்தொரு வயதுதான் கடைசி. அதற்கு மேல் ஒரு சீசனும் இல்லை. உனக்கும் எனக்கும் இருபது நடந்த அந்த வருடம், உன் கடதாசிக்கு இருபத்திரண்டு. நீ ஜில்லிடம் எதையும் ஒளிக்கவில்லை. விலகிக்கொள்கிறேன் என்றுதான் போய்ச் சொன்னாய். அவர்தான் விடவில்லை. எங்கள் பிறந்தநாளுக்கு, நாங்கள் அப்போது இருந்த செயின்ட்-மிஷேல் நிலக்கீழ் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் இடியப்பத்தையும் கோழிக்கறியையும் மூக்கால் தண்ணீர் ஓடச் சாப்பிட்டார். நம் இரண்டு பேரின் பெயரும் எழுதின கேக்கில் இரண்டாம் துண்டு கேட்டு வாங்கினார். பிறகு உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த இரண்டு மூக்கையும் பார்த்தால் எந்த நீதிபதியும் நம்புவார். வயதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பதிவில் இருபது என்று தன் கையால் எழுதியவரும் அவர்தான்.

அந்த ஆகஸ்டில் நீங்கள் முதலாவதாக வந்தீர்கள். அம்மாவும் நானும் மேல்வரிசையில் நின்று கத்தினோம். அடுத்த நாளே இரண்டாம் இடத்து அணி முறைப்பாடு கொடுத்தது. உன் அடையாள அட்டையின் வயதை யாரோ பார்த்திருந்தார்கள்.

விசாரணை நடந்த அறையை நான் மறக்கவில்லை. நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நான் உன் பக்கத்தில் நின்று, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நாங்கள் இரட்டையர் என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். பெண்ணும் ஆணுமாக இருக்கிறீர்களே, அதற்கு என்ன ஆதாரம் என்றார். அம்மா எழுந்து தமிழில் சொன்னார்.

"நான்தானே பெத்தனான். ரெண்டையும் ஒண்டாப் பெத்தனான். எனக்குத் தெரியாதோ?"

நான் மொழிபெயர்த்தேன். அவர்கள் ஜில்லைப் பார்த்தார்கள். இந்தக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று அவர் சொல்லியிருந்தால், தெரிந்துகொண்டே பதிந்தவர் என்று அவருடைய பதவியும் போயிருக்கும். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"இல்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன். இந்த இளைஞன் என்னையும் ஏமாற்றிவிட்டான்."

அம்மா என் கையை இழுத்தார். "என்னவாம் பிள்ளை? அவர் என்ன சொல்லுறார்?"

அதையும் நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது, ஜூட். இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ மொழிபெயர்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரியில், வங்கியில், என் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில். அந்த ஒரு வசனம்தான் இன்னும் தொண்டைக்குள் நிற்கிறது.

முதலிடம் பறிபோனது. உனக்கு வாழ்நாள் தடை. அவருக்கு ஒரு எச்சரிக்கை. கார் தரிப்பிடத்தில் உன் அணிப் பெடியள் உன்னைச் சுற்றி நின்று சீருடைச் சட்டையைக் கழற்றித் தரச் சொன்னார்கள். மார்க், உனக்குப் பக்கத்தில் நின்று அடித்தவன், அதை வாங்கிச் சுருட்டிப் பையில் போட்டான். நீ உள் பெனியனோடு மெட்ரோவில் எங்களுடன் வந்தாய். ஏன் நீ கத்தவில்லை? அந்தாளின் கழுத்தை ஏன் பிடிக்கவில்லை? எத்தனை தரம் கேட்டிருப்பேன். "விடு, ஸ்டெல்லா." அவ்வளவுதான் உன் பதில்.

பிறகு லாசாலில் அந்தப் பெட்டித் தொழிற்சாலை வேலை. கல்யாணம், உன் மகள், கார், எல்லாம் வந்தது. குச்சியை மட்டும் நீ தொடவில்லை. யூன் மாத ஊர்வலம் தெருவால் வந்தால் யன்னலைப் பூட்டிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவாய். உன் மகள், அப்பாவுக்கு இசை பிடிக்காது என்றுதான் நினைத்து வளர்ந்தாள்.

முந்தின மாரிக் குளிரில் உன் இதயம் நின்றுபோனது. சவச்சாலைக்கு ஒரு மலர்வளையம் வந்தது, அணியின் பெயரில். "எங்கள் பழைய தோழனுக்கு" என்று நாடாவில் எழுதி, கீழே ஜில் கையெழுத்து வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு பின்கதவால் போய், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்துப் பனிக்குள் போட்டு, சப்பாத்துக் காலால் மிதித்தேன். உன் மனைவி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கவில்லை. சுவாமியார் பிரசங்கத்தில், "ஜூட் எல்லோரையும் மன்னித்தவர்" என்றார். நீ மன்னித்திருக்கலாம். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கிழமையே முடிவு செய்துவிட்டேன். என் சின்னவள் வேறொரு அணியில் கொடி பிடிக்கிறாள் என்று உனக்குத் தெரியும். பெற்றோர் பக்கமிருந்து, வீரர்களின் வயதையும் தகுதியையும் பார்க்கிற குழுவுக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். சம்பளம் இல்லாத, எல்லோரும் திட்டுகிற வேலை. ஒருவரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். ஜில் இன்னும் அதே அணியின் தலைவர். என்றைக்காவது இந்த மேசைக்கு வராமலா போவார் என்று இருந்தேன்.

இந்தக் கோடை வந்தார்.

அவருடைய டிரம் வரிசையின் முதல் ஆள் இப்போது மிர்லாண்ட் என்று ஒரு ஹெயிட்டிப் பெண். செயின்ட்-மிஷேல் பிள்ளை. ஹெயிட்டியிலிருந்து வரும்போது அவளுடைய கடதாசியில் யாரோ ஒரு வயதைக் கூட்டி எழுதிவிட்டார்கள். உண்மையில் இருபத்தொன்று, கடதாசியில் இருபத்திரண்டு. வேறு அணி முறைப்பாடு கொடுத்திருந்தது. செய்தியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். பொய் சொல்லவில்லை. வேண்டாம் என்று நான் ஒரு சொல் சொன்னால் போதும். அவருடைய அணி இந்த வருடத்தோடு படுத்துவிடும்.

அந்த எண்ணத்தோடுதான் போனேன். அறைக்கு வெளியே மிர்லாண்ட் தாயோடு இருந்தாள். சீருடையோடு வந்திருந்தாள், பாவம். போட்டிக்கு வந்தவள் மாதிரி. தாய் அவளுடைய கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பிள்ளையிடமும் சட்டையைக் கழற்றச் சொல்லுவார்கள் என்று நினைத்ததும், நான் கொண்டுபோன திட்டம் கசந்துவிட்டது. பழி வேண்டும். அது அவருடைய தலையில் மட்டும் விழவேண்டும்.

ஜில் உள்ளே வந்தார். நன்றாக நரைத்துவிட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. எழுந்து நின்று உருக்கமாகப் பேசினார். "கடதாசி எல்லாவற்றையும் சொல்லாது. இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு மேசையில் சாப்பிட்டிருக்கிறேன்."

ஜூட், அந்த வசனத்தை அவர் வாயாலேயே சொன்னார். நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"முஸ்யே ஜில், உங்கள் வீரர்களின் வீடுகளில் வேறு எங்கெல்லாம் சாப்பிட்டிருக்கிறீர்கள்?"

"பல வீடுகளில், மதாம்."

"இதே செயின்ட்-மிஷேலில், ஒரு நிலக்கீழ் வீட்டில்? இரண்டு பெயர் எழுதின கேக்?"

அவர் என்னைப் பார்த்தார். என் மூக்கைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். முகம் வெளிறிப் போனது.

நான் குழுத் தலைவி மதாம் லூயிஸ் பக்கம் திரும்பினேன். "நான், இந்தக் குழு வாழ்நாள் தடை போட்ட ஜூட்டின் இரட்டைச் சகோதரி. இந்த வழக்கில் எனக்கு வாக்கு வேண்டாம். ஆனால் இவருடைய சொல்லை நம்பலாமா என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும். அன்றைக்கு, எங்கள் அம்மா எழுந்து சாட்சி சொன்ன பிறகும், எங்களைத் தெரியாது என்று இதே குழுவுக்குச் சொன்னார். அது உண்மையா என்று கேளுங்கள்." சொல்லிவிட்டு என் கதிரையிலிருந்து எழுந்து சுவரோடு போய் நின்றேன். அந்தப் பிள்ளையின் வழக்கைக் கெடுத்துவிட்டேனோ என்று பயம்.

மதாம் லூயிஸ் கேட்டார். ஜில் தண்ணீர் குடித்தார். மதாம் லூயிஸ் திரும்பவும் கேட்டார்.

"உண்மை இல்லை," என்றார் ஜில். "எனக்கு அவர்களைத் தெரியும். அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். அவன் இரட்டையன் என்பதும் தெரியும். வயதைப் பதிந்தது நான். பொய் சொன்னேன்."

"சத்தமாகச் சொல்லுங்கள்," என்றேன். எனக்கு அங்கே பேச உரிமை இல்லை. ஒருவரும் தடுக்கவில்லை. அவர் சத்தமாகச் சொன்னார்.

பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு மிர்லாண்டின் தாயைக் கூப்பிட்டார்கள். அந்த மனுசி தங்களுடைய கிரெயோல் மொழியில் ஒரே மூச்சில், எந்த மழையில், யார் வீட்டில், எந்தப் பிள்ளைக்குப் பிறகு இவளைப் பெற்றேன் என்று சொன்னார்; மகள் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். மதாம் லூயிஸ் பேனையை வைத்தார். "அன்றைக்கு இந்த மேசை ஒரு தாயை நம்பவில்லை. இன்றைக்கும் அதையே செய்ய என்னால் முடியாது." மிர்லாண்ட் வாசிக்கலாம் என்று தீர்ப்பு. குழுவுக்குப் பொய் சொன்னதற்காக ஜில் மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது. அவருக்கு இலையுதிரில் வைக்க இருந்த பாராட்டு விழாவும் நின்றுவிட்டது.

வாசலில் எனக்காக நின்றார். கண் கலங்கியிருந்தது. "ஸ்டெல்லா, என்னை மன்னிக்க முடியுமா?" என்றார்.

"முடியாது," என்றேன். மெட்ரோவுக்கு நடந்தேன்.

அன்று பின்னேரமே லாசாலுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சாப்பிட்டதெண்டு சொன்னவனோ?"

"ஓம், அம்மா."

"தலையைக் குனிஞ்சவனோ?"

"ஓம்."

"நல்லாக் குனிஞ்சவனோ?"

"நல்லாத்தான் குனிஞ்சவர்."

"சரி," என்றார். இன்னொரு காம்பை எடுத்து ஆய்ந்துகொண்டு, "அவனுக்கு இது காணாது," என்றார். நீ அம்மாவை எங்களுக்குள் சாது என்று நினைத்திருந்தாய், இல்லையா?

இறுதிப் போட்டிக்கு உன் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மிர்லாண்ட் அடித்த அடியில் இருக்கைப் பலகை அதிர்ந்தது. மூன்றாவதாகத்தான் வந்தார்கள். உன் மகள் என் காதுக்குள், "அப்பாவும் இப்படித்தான் அடிப்பாரோ?" என்று பிரெஞ்சில் கேட்டாள். இதைவிட நன்றாக என்றேன். ஜில் டிக்கெட் வாங்கிக்கொண்டு மைதானத்துக் கம்பிவேலிக்கு வெளியே சனத்தோடு சனமாக நின்றார். போட்டியைப் பார்த்ததைவிட அவரைத்தான் நான் கூடப் பார்த்தேன்.

உன் தடையை நீக்கி, அந்த வருடத்து முதலிடத்தைத் திருப்பித் தரச் சொல்லி மனுப் போட்டிருக்கிறேன். செய்தி பரவி, மார்க் தொலைபேசியில் கூப்பிட்டு அழுதான். "அழுறது பேந்து. முதல் குழுவுக்கு முன்னாலை வந்து சொல்லு" என்று தமிழிலேயே ஏசிவிட்டுப் பிறகு பிரெஞ்சில் சொன்னேன். வருகிறானாம். ஜில்லும் சாட்சி சொல்லத்தான் வேண்டும். முதலிடம் கிடைத்தாலும் நான் நிறுத்தப்போவதில்லை. வேறு எந்த அணி அவரைக் கூப்பிட்டாலும், எந்த மேடையில் அவருக்கு மாலை போட்டாலும், முன்வரிசையில் நான் இருப்பேன்.

உனக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டு மாதாமாதம் பூசை கொடுக்கிறேன், ஜூட். நீ இளைப்பாறு. அந்த மனுசன் இளைப்பாறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ஸ்டெல்லா