ஆள் இல்லாத படங்கள்

ஓடைப்பட்டி,
3.8.1998

அன்பு மனைவி தேவயானிக்கு,

நலம். நீ தேனிக்குப் போய் இன்றோடு நாற்பது நாள். மச்சான் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? திராட்சைக்கு மருந்தடித்துத் தோள்பட்டை கழன்று விழுகிறது. என் சமையலைப் பற்றி எழுதவில்லை, நீ சிரிப்பாய்.

ஓர் உபகாரம். உங்கள் தெருக் கலர் லேப்பில் போன வாரம் ஒரு பிலிம் ரோல் கொடுத்துவிட்டு வந்தேன். முப்பத்தாறும் மலைப் படம். வாங்கி பஸ்ஸில் கொடுத்துவிடு. நீ திட்டுவது இங்கே கேட்கிறது.

சுந்தரலிங்கம்

தேனி,
9.8.1998

அன்புள்ள மாமாவுக்கு,

லேப் வரை வந்த மனுசருக்கு நாலு வீடு தள்ளி வரக் கால் வலித்ததாக்கும்!

ஒரே ஒரு படம்தான் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள். கேட்டால் அங்கிருக்கும் பெண், "ஆளே இல்லாத படத்தை யாரு கேப்பாக அக்கா? அதான் விட்டுட்டோம்" என்கிறாள்.

அந்த ஒரு படத்தில் இருப்பது நான். கிளம்பிய அன்று பையோடு பஸ்ஸுக்கு நடக்கிறேன். மலைக்குக் கீழே எறும்பு அளவு. பச்சைச் சேலையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அன்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மாடியில் கேமராவோடு நின்றீர்கள். இப்பவும் மலைதானா என்று அழுதுகொண்டே பஸ் ஏறினேன். என்னைத்தான் எடுத்தீர்களா மாமா? பதினோரு வருடத்தில் முதல் தடவையாக? ஒரு வரி எழுதுங்கள். துணிமணி எடுத்து வைத்துவிட்டேன்.

தேவயானி

ஓடைப்பட்டி,
14.8.1998

அன்பு தேவயானி,

ஆமாம் என்று எழுதி ஓர் இன்லேண்டைக் கிழித்துப் போட்டேன்.

அன்று உச்சியில் மேகம் விலகியது. அதைத்தான் எடுத்தேன். கீழே நீ நடந்ததை நான் பார்க்கவில்லை. இறங்கி வந்து காபி கேட்ட பிறகுதான் நீ போனதே தெரியும்.

பொய் சொல்லி உன்னை வரவழைத்து, அதையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் வீடு வீடாக இல்லை. வந்துவிடு தாயீ. இல்லாவிட்டால் நான் அங்கே வருகிறேன்.

சுந்தரலிங்கம்

தேனி,
22.8.1998

மாமாவுக்கு,

மற்ற முப்பத்தைந்தையும் போடச் சொல்லி வாங்கிவிட்டேன். பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். எல்லாமே நன்றாக இருக்கின்றன, நிஜமாகத்தான் சொல்கிறேன்.

நீங்கள் உண்மையை எழுதியதில் எனக்குக் கோபமில்லை. அசதிதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால், பொய்யென்று தெரிந்தே வந்திருப்பேன்.

நீங்கள் இங்கே வர வேண்டாம்.

தேவயானி