புனைபெயரில் வந்த என் நாவல்

1954, ஐப்பசி 12. இரவு.

புனைபெயரில் நான் எழுதிய காதல் நாவல் சித்தூர் வாசகசாலையிலிருந்து இன்று எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. நாத்தனார் உரக்கப் படித்தாள். மாமியார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குப் பெருமை தாளவில்லை.

வயலிலிருந்து வந்த என் கணவர் புத்தகத்தைப் பிடுங்கினார்.

"இதை எழுதுனவ ஊட்டுக்கு அடங்குனவளா இருப்பாளா?"

மாமியார் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு கண்ணு, கதை நல்லாத்தானே இருக்குது?"

கணவர் முறைத்துக்கொண்டு நின்றார்.

"இதெல்லாம் ஒரு கதைங்களா அத்தை?" என்றேன். மாமியார் முகம் வாடிவிட்டது.

கணவருக்குச் சோறு போடும்போது அவர் தணிந்த குரலில் கேட்டார்: "அந்தப் புள்ள கடைசீல அவனையே கட்டிக்கிச்சா?"

நாத்தனார் படித்ததை வாசலில் நின்று கேட்டிருக்கிறார்!

வாய்வரை வந்த முடிவை விழுங்கிவிட்டு, "நான் படிக்கலைங்க" என்றேன்.