அப்பாவின் படம் ஒட்டிய ஆறு போத்தல்கள்

என் அன்பு அப்பாவுக்கு,

அங்கேயாவது மூச்சு முட்டாமல் இருக்கிறீர்களா? இங்கே கொட்டாஞ்சேனையில் எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உங்களுக்குப் பொய் சொல்லி நான் எந்தக் காலத்திலும் தப்பினதில்லை.

உங்கள் முதலாம் வருஷ நினைவுப் பூசையோடு, நீங்கள் கடைசியாகக் கிடந்த வார்ட்டுக்கு ஆறு போத்தல் வாங்கிக் கொடுத்தோம். ஒட்சிசன் மூக்கைக் காயவைத்துவிடும் என்று அதை ஒரு போத்தல் தண்ணீருக்குள்ளால் குமிழ் விடவைத்து அனுப்புவார்களே, அந்தப் போத்தல். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயரையும் சின்னப் படத்தையும் ஒட்டினோம். துறைமுகத்தில் அத்தனை வருஷம் கிளாக்கராக இருந்தும் ஒரு கதவில்கூட உங்கள் பெயர் இருந்ததில்லை. இதிலாவது இருக்கட்டும் என்று அடம்பிடித்தது நான்தான்.

போன செவ்வாய்க்கிழமை வார்ட்டின் பெரிய தாதி போன் எடுத்தா. "உங்கட அப்பாவின்ட போத்தல் விஷயமாக் கதைக்கோணும், ஒருக்கா வாங்கோ" என்றா. நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறா என்று நினைத்து ஒரு கேக்கும் வாங்கிக்கொண்டு போனேன். என் புத்தியைப் பாருங்கள்.

மூன்று நோயாளிகளுக்கு ஒரே பக்டீரியாவாம், மருந்துக்கு மசியாத சாதி. எங்கிருந்து வந்தது என்று வார்ட் முழுக்கப் பஞ்சால் துடைத்தெடுத்து லாபுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது உங்கள் போத்தல்களுக்குள் இருந்திருக்கிறது. கேக் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு நாளும் கழற்றி, குளோரின் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்துப் பாவிக்கவேண்டிய சாமான் அது. மற்றப் போத்தல்களை அப்படித்தான் செய்கிறார்கள். எங்களுடையதை மட்டும் ஏன் விட்டார்கள்? உங்களைத் துடைத்துவிட்ட வார்ட் உதவியாள் சோமா அக்கேயை நினைவிருக்கும். அவவைத்தான் கேட்டேன். நிலத்தைப் பார்த்தபடி சிங்களத்தில், "அம்மா ஏண்டுவா நே, நங்கி" என்றா. அம்மா அழுதாதானே, தங்கச்சி என்று.

ஓம், அழுதா. கொடுத்த கிழமையே பார்க்கப் போய், ஒரு போத்தலில் உங்கள் முகம் குளோரினில் வெளுத்துப்போனதைக் கண்டு வார்ட்டிலேயே இருந்து அழுதா. நான் அதற்குமேல் ஒரு படி போய், புது லேபல் ஒட்டி, மேலே பிளாஸ்டிக்கும் ஒட்டி, "பெயர் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கோ" என்று சோமா அக்கேயின் கையைப் பிடித்துச் சொன்னேன். பார்த்துக்கொண்டா, பாவம். உங்களுக்கு மரியாதை செய்கிறேன் என்று நினைத்து, வெளியே மட்டும் துடைத்து, குறைந்த தண்ணீருக்கு மேல் தண்ணீர் விட்டு, மாதக்கணக்காக.

வருகிற திங்கட்கிழமை விசாரணை. அம்மா அழுததையோ நான் கையைப் பிடித்ததையோ சோமா அக்கே இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. போத்தலிலும் நான்கைத்தான் எடுத்திருக்கிறார்கள். மற்ற இரண்டும் நோயாளிகளோடு வேறு வார்ட்டுகளுக்குப் போய்விட்டனவாம். இப்போது யாருடைய தலைமாட்டில் இருந்து நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள், அப்பா?

வெளியே வரும்போது பதினோராம் கட்டிலில் கிடக்கும் தாயின் பக்கத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை ஓடிவந்தது. வெள்ளவத்தைப் பிள்ளை. தாய்க்கு இறங்கின காய்ச்சல் திரும்ப ஏறிக் கண் திறக்காமல் கிடக்கிறா.

"போத்தல்ல இருந்தது உங்கட அப்பாவோ அக்கா? ஒவ்வொரு நாளும் அவரைப் பார்த்துக் கும்பிட்டனான். ஏன் கழட்டிக்கொண்டு போயிட்டினம்?"

"கழுவ" என்றேன்.

"அம்மா எழும்பினா நாங்களும் அவவின்ட பெயரில ஆறு குடுக்கிறதெண்டு நேர்ந்திருக்கிறன். லேபல் எங்க அடிச்சனீங்கள்?"

கடையின் நம்பரை அவளுடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு வந்தேன். வாயைத் திறந்து உண்மையைச் சொல்லாமல் நம்பரைக் கொடுத்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. உங்கள் கட்டிலில் இருந்த போத்தலிலும் ஒரு படம் இருந்தது. மீசை வைத்த ஒரு சிங்கள ஐயா. பெயரை வாசிக்கச் சொன்னீர்கள், வாசித்தேன். "நல்ல பிள்ளைகளைப் பெத்திருக்கிறார்" என்றீர்கள். உங்களுக்கும் இப்படிக் கொடுக்கவேண்டும் என்று எனக்கு அப்போதே மனதில் விழுந்துவிட்டது. அந்தக் கிழமை காய்ச்சல் விட்டு, மீன் குழம்பு கேட்டு, வீட்டுக்குப் போகலாமா என்றும் கேட்டீர்கள். பிறகு காய்ச்சல் திரும்ப வந்தது.

அந்த ஐயாவின் படம் பளிச்சென்று இருந்தது, அப்பா. ஒரு எழுத்தும் வெளுத்திருக்கவில்லை. அவருடைய பிள்ளைகளும் யாருடைய கையையாவது பிடித்துச் சொல்லியிருப்பார்களா? அதுதான் உங்களைக் கொண்டுபோனதா? அந்தப் போத்தலை அன்றைக்கு ஒருவரும் சோதிக்கவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது?

இன்று காலை அந்தப் பிள்ளை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தது. லேபல் அடித்தாயிற்று. தாயின் பெயர், சேலை உடுத்த படம். மேலே பிளாஸ்டிக்கும் ஒட்டச் சொல்லியிருக்கிறாளாம், அழியாமல் இருக்க. தாய் இன்னும் கண் திறக்கவில்லை.

அம்மாவுக்கு இன்றைக்கே எல்லாம் சொல்வேன், அழுதாலும் சொல்வேன். திங்கட்கிழமை சோமா அக்கேக்குப் பக்கத்தில் நின்று, சொன்னது நான் என்று சொல்வேன். அந்த இரண்டு போத்தலையும் வார்ட் வார்ட்டாகத் தேடி, உங்கள் முகத்தை என் நகத்தாலேயே சுரண்டி எடுப்பேன், கோபிக்காதீங்கோ. அதற்கெல்லாம் முதல், இந்தக் கடிதத்தை மடித்துவைத்த கையோடு பதினோராம் கட்டிலுக்குப் போகிறேன். அவள் என்னைத் திட்டட்டும், உங்களையும் திட்டட்டும். அந்த லேபல் ஒரு போத்தலிலும் ஒட்டுப்பட விடமாட்டேன்.

உங்கள் பெயரை ஒட்டியவளும் உரிக்கப்போகிறவளுமான,
உங்கட மூத்த மகள்