வேலி மட்டும் பிழைத்தது

ஜூன் 9

சாரல் நிற்கவில்லை. போர்வையைப் பிழிந்து கூடாரத்துக்குள்ளேயே காயப் போட்டிருக்கிறேன். கீழே குற்றாலத்தில் இதே சாரலுக்காக அறை எடுத்துத் தங்கி, என்ன சுகம் என்கிறார்கள். மேலே நாங்கள் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறோம்.

இடம், கைவிட்ட ஒரு மிளகுத் தோட்டச் சரிவு. மிளகுக்கொடி ஏற என்றைக்கோ நட்ட சீமைக்கொன்னை என்கிற வெளிநாட்டு மரம், கொடி செத்த பிறகும் சரிவு முழுக்க மண்டிக் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு நம் மலை மரங்களை நட வேண்டும். வேங்கை, நாங்கு, மருது. இந்தப் பணிக்கு என்னைத் தற்காலிகப் பொறுப்பாளராக வைத்திருக்கும் அறக்கட்டளையிலிருந்து ஆகஸ்டில் ஆய்வுக்கு வருவார்கள். நாற்றுகளில் பாதியாவது உயிரோடு இருந்தால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஊருக்கு, வடகரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா போலீஸ் தேர்வுப் புத்தகம் வாங்கித் தயாராக வைத்திருக்கிறார்.

கிளம்பும்போது கேட்டார். "அண்ணன் போலீஸு, சித்தப்பா பட்டாளம். நீ செடி நட மலைக்குப் போறேங்குத. செடி நட நமக்கு வயலு இல்லியா, ஏட்டி?"

பதில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 13

சரிவை வெட்டிச் சுத்தம் செய்து நட்டு முடித்தோம். குழிக்குக் குழி சாணி உரம்.

வேலையாட்களுக்குத் தலைவர் ஆவுடைநாயகம் அண்ணாச்சி, ஓய்வு பெற்ற ஹவில்தார். இருப்பது ஆறு பேர். தினமும் காலையில் விசில் ஊதி எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணுகிறார். சமைக்கிற மாரித்தாய் அக்காவும் கரண்டியோடு ஓடிவந்து நிற்கிறார். நேற்று எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைந்து பெரிய கலவரம். கடைசியில் பார்த்தால் அண்ணாச்சி தன்னை எண்ணவில்லை.

ஜூன் 14

வேலிக்குச் சொன்ன மூங்கில் வரவில்லை. "வெட்டிப் போட்ட கம்பு குமிஞ்சு கெடக்கு மேடம். மூங்கிலுக்கு என்னத்துக்குக் காத்துக் கெடக்கணும்?" என்றார் அண்ணாச்சி. நியாயம்தானே? சரி என்றேன்.

சரிவைச் சுற்றிப் பட்டாள அணிவகுப்பு மாதிரி ஊன்றியாயிற்று. மிச்சக் கம்பில் கூடார முளை, துணி காயப் போடும் கொடிக்குக் கால், கழிப்பறைத் தட்டிக்குத் தூண், அறிவிப்புப் பலகைக்கு இரண்டு கால். பலகையில் என் கையெழுத்தில்: அந்நியச் செடி அகற்றும் பணி நடைபெறுகிறது.

ஜூன் 27

பன்றி.

ஜூன் 28

நேற்று எழுதத் தெம்பில்லை. சாணி உரத்தில் மண்புழு சேர்ந்திருக்கிறது. புழுவுக்காகப் பன்றிக்கூட்டம் கம்பு இடுக்கு வழியாக நுழைந்து, ஒரு குழி விடாமல் தோண்டிப் போட்டுவிட்டது. நாற்றைத் தின்னக்கூட இல்லை. ஓரமாக எறிந்துவிட்டுப் போயிருக்கின்றன. தின்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

மறுபடி நட்டோம். அண்ணாச்சி காவல் முறை போட்டிருக்கிறார்.

ஜூலை 2

மறுபடி பன்றி. காவலில் இருந்தது அண்ணாச்சிதான். "பின்வாங்குனது தந்திரம் மேடம்" என்கிறார், புளியமரத்து மேலிருந்து.

ஜூலை 10

துணி எடுக்கப் போனால் கொடி கட்டிய கம்பில் இலை.

முதலில் ஏதோ ஒட்டிக்கொண்டது என்று தட்டிவிட்டேன். போகவில்லை. துளிர். ஓடிப்போய் வேலியைப் பார்த்தேன். கம்புக்குக் கம்பு துளிர். கழிப்பறைத் தூண் தழைத்து நிற்கிறது. கூடார முளையைப் பிடுங்கிப் பார்த்தேன், வேர் பிடித்திருக்கிறது. அறிவிப்புப் பலகைக்கு இரண்டு பக்கமும் குலை குலையாக இலை. என் எழுத்துக்கு மாலை போட்டாற்போல.

ஆறு பேரும் விவசாய வீட்டு ஆட்கள். ஊரில் வேலி என்றாலே பச்சைக் கம்பை ஊன்றுவதுதான், அது துளிர்க்க வேண்டும் என்றுதான் ஊன்றுவோம். கை பழக்கத்தில் ஊன்றிவிட்டது. எந்த மரத்தை ஒழிக்க வந்தோமோ அதையே சரிவைச் சுற்றி நட்டு வைத்திருக்கிறோம். அதுவும் சாரலில்! ஒருத்தருக்கும் தோணலையே, எனக்குமா தோணல? படிச்சதெல்லாம் எங்க போச்சு?

மாரித்தாய் அக்கா மட்டும் சந்தோஷமாக இருக்கிறார். "நம்ம கைராசி பாத்தியா குழலு! ஒண்ணு கூடப் பழுதில்ல."

ஜூலை 19

மூன்றாவது முறை நட நாற்று இல்லை. உள்ளே வெறும் குழி, சுற்றிலும் பச்சை. அப்பா போனில், உடற்தகுதித் தேர்வுக்கு ஓட்டப் பயிற்சி செய்கிறாயா என்றார். பன்றி வரும்போதெல்லாம் ஓடுகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 8

ஆய்வு. மதுரை அலுவலகத்திலிருந்து சிவசைலம் சார் வந்தார். அட்டைக்குப் பயந்து பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, காலெல்லாம் மூக்குப்பொடி தடவியிருந்தார். பாதையை விட்டு இறங்கவே இல்லை. தும்மிக்கொண்டே வேலியை எண்ணத் தொடங்கினார். அண்ணாச்சி விறைத்து நின்று சல்யூட் அடித்தார்.

"அடேங்கப்பா, எல்லாமே பிழைச்சிருக்கே!"

"சார், அது வேலி" என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.

"அது சீமைக்கொன்னை சார். நாம எடுக்க வந்த மரம். நட்ட நாத்தையெல்லாம் பன்னி தோண்டிருச்சு."

வேலை போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். அவர் இரண்டு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, நான் இதுவரைக்கும் பார்த்த எல்லா இடமும் மொட்டையா இருக்கு. இங்க பச்சையா இருக்கு. போட்டோவுல பன்னியா தெரியப் போகுது? போய் நடுவுல நில்லுங்க."

நின்றேன். சிரிக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 18

வேலை நிரந்தரம். சந்தோஷமாகத்தான் இருக்கிறது, அதுதான் வெட்கமாக இருக்கிறது. அந்தப் போட்டோவைப் பெரிய பேனராக அடித்துச் சரிவின் வாசலில் கட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "உயிர் பெற்ற மலைக்காடு." நடுவில் நான், ஈஈ என்று.

மூங்கிலும் இன்றைக்குத்தான் வந்தது. நிரந்தரப் பணியாளராக என் முதல் உத்தரவு: வேலியைப் பிடுங்கு. ஐப்பசி மழைக்கு முன்னால் உருப்படியாக நட வேண்டும். அண்ணாச்சி முகம் செத்துவிட்டது. "இவ்வளவு ஒழுங்கா நிக்குத படைய எப்படி மேடம் கலைக்க?"

ஆகஸ்ட் 24

அப்பா பைக்கில் வந்துவிட்டார், சொல்லாமல் கொள்ளாமல். பேனரைப் பார்த்தார். பேனருக்குக் கீழே கடப்பாரையோடு நின்ற என்னைப் பார்த்தார். நான் பிடுங்கிப் போட்டதில் ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"இது சீமைக்கொன்னைல்லா?"

"ஆமாப்பா."

"இத நட்டதுக்கா ஒனக்கு வேலை குடுத்தான்?"

"ஆமாப்பா."

"பிடுங்குததுக்கும் அவந்தான் சம்பளம் குடுக்கானா?"

"ஆமா."

பாறையில் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் புத்தகப் பேச்சு வரப்போகிறது என்று காத்திருந்தேன். எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிடந்த இலைக் குழையையெல்லாம் அள்ளிக் கட்டுக் கட்டி பைக்கின் பின்னால் ஏற்றினார். அம்மாவுக்குப் போன் போட்டார்.

"ஏளா, அந்தப் போலீஸ் புஸ்தகத்த யாருக்காவது குடுத்துரு. இவ வேலை நல்ல வேலைதான். நம்ம ஆட்டுக்கு ஒரு வாரத்துக்குக் குழை ஆச்சு."

மிச்ச வேலியை ஒரே நாளில் பிடுங்கிவிட வேண்டாம், வாராவாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.