பின்முனையில் ஒரு மில்லிமீட்டர்

மாப்ளே,

இன்று காலை ஷெட்டில் பிளைவுட் கருகும் வாசனை. எட்டடிப் பலகையில் பட்டை அறுத்துக்கொண்டிருந்தேன். பலகை பிளேடைக் கவ்விக்கொண்டு புகைந்தது. மெஷினை அணைத்துவிட்டு, நீ நிற்கும் பக்கம் திரும்பி உன்னைத் திட்ட வாயெடுத்தேன். நீ இறந்து ஒன்றரை வருடமாகியும் எனக்கு இந்தப் புத்தி போகவில்லை.

ஷார்ஜாவிலிருந்து திரும்பி வந்து, பெரம்பலூரில் என்னோடு ஷெட் போட்டபோது, நகரும் மேசை வைத்த இந்த மெஷின்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். மேசையின் இரு முனையிலும் பலகை முட்டி நிற்க ஒவ்வொரு ஸ்டாப்பர். இரண்டும் பிளேடிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால்தான் பட்டை முழுக்க ஒரே அகலமாக வரும். முன்முனை உனக்கு, பின்முனை எனக்கு, அளக்க ஆளுக்கொரு டேப். “நூறு வச்சுட்டேன்டா மாப்ள” என்று கத்துவாய். “இங்கயும் நூறுடா” என்பேன். அதில் நமக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

ஒருமுறை வாலிகண்டபுரத்து வீடொன்றின் அலமாரிக்கு அறுத்த பட்டைகள் எல்லாமே ஒரு முனையில் ஒரு மில்லிமீட்டர் குறைந்து வந்தன. “போய் மொதல்ல கண்ணக் காட்டிட்டு வாடா” என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ சாப்பிடப் போன பிறகுதான் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். முந்தின நாள் ஏணியிலிருந்து நான் கீழே போட்ட என் டேப்பின் நுனிக் கொக்கி வளைந்திருந்தது. அளவு தப்பியது என் முனையில்தான். ஓடிப்போய்ப் புது டேப் வாங்கினேன். வாயை மட்டும் திறக்கவில்லை.

நீ திரும்பி வந்து, “கண்ணுதான் போச்சு போலருக்குடா. இனி நீயே அறுத்துக்க, நான் ஃபிட்டிங் பாத்துக்கிறேன்” என்றாய். அதன்பின் மெஷினைத் தொடவேயில்லை. மூன்றாம் மாதம் மறுபடி ஷார்ஜாவுக்குக் கிளம்பினாய். அங்கேயே மாரடைப்பில் போய்விட்டாய். பஸ் ஏற்றிவிட்டபோதாவது சொல்லியிருக்கலாம். கோழை நான்.

போன வாரம் உண்மையைச் சொல்லிவிட்டு, மெஷினையும் விற்றுவிடலாம் என்று லப்பைக்குடிக்காட்டில் உன் வீட்டுக்குப் போனேன். நான் ஆரம்பிப்பதற்குள் உன் மனைவி, “அண்ணே, ‘கண்ணு தெரியாத என்னைய அவன் ஒரு நாளும் ஒதுக்கல’ன்னு அவங்க போன்ல உங்களப் பத்திச் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நீங்க மட்டும் அவங்க ஆசையா ஆரம்பிச்ச கடைய மூடிடாதீங்க. அல்லா உங்கள நல்லா வைப்பான்” என்றார்.

“சரிம்மா” என்று சொல்லி, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

உன் கண்ணில் ஒரு குறையும் இருந்ததில்லை, மாப்ளே. அதை அங்கே சொல்லாதவரை இந்த ஷெட்டை விட்டு நான் போக முடியாது. சொல்லிவிட்டால் அந்த வீட்டுப் படி ஏற முடியாது.